மாதப் பாடம்: மறதி நோய் வந்தவர்களின் கால் பலத்தை அளப்போம்



காலை எட்டரைக்கு பனியன் கம்பெனிக்குள் போனால், ஒன்றரை ஷிப்டு முடிந்து இரவு எட்டரைக்குத்தான் நம்மில் பலர் வெளியே வருகிறோம். வீட்டில் மறதி நோய் வந்த மாமியாரோ அப்பாவோ இருந்தால், "தனியா எந்திரிச்சு விழுந்துருவாங்களோ" என்ற பயம் தையல் மிஷின் வரைக்கும் கூடவே வரும்.

பல்லடம் பக்கம் ஒரு உறுப்பினரின் மாமியாருக்கு 74 வயது. டிமென்ஷியா என்கிற மறதி நோய். ஒரு தடவை வழுக்கி விழுந்த பிறகு, பயந்து நாள் முழுக்கக் கட்டிலிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். நாங்கள் போய், "எந்திரிச்சு, கதவு வரைக்கும் நடந்து, திரும்பி வந்து உட்காருங்கம்மா" என்றோம். அவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நோட்டில் "எழ முடியவில்லை" என்று எழுதினோம். கொஞ்ச நேரத்தில் பள்ளிக்கூடம் விட்டு வந்த பேத்தி கையை நீட்டி, "வாங்க ஆத்தா" என்றாள். உடனே எழுந்துவிட்டார்! எழுதியதை அடித்தோம். தப்பு எங்களுடையது.

"முடியவில்லை" வேறு, "புரியவில்லை" வேறு. இதுதான் இந்த மாதப் பாடம்.

ஏன் அளக்க வேண்டும்?

இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. அதே வயதுள்ள மற்றவர்களைவிட இவர்கள் அதிகம் விழுகிறார்கள். "கால் தளருது" என்று சொல்லவும் தெரியாது. நடக்காமல் உட்கார்ந்தே இருந்தால் உள்ள பலமும் போய்விடும்.

எப்படி அளப்பது?

1. எழுந்து உட்காருதல்: சுமார் 17 அங்குல உயரமுள்ள, கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை தடவை முழுதாக எழுகிறார் என்று எண்ணுங்கள். பொதுவாக 70 முதல் 79 வயதுப் பெண்களுக்கு 10 தடவைக்குக் கீழே போனால் பலம் குறைவு என்பார்கள். கை ஊன்றி எழுந்தால், "கை ஊன்றி" என்று சேர்த்து எழுதுங்கள்.

2. நடந்து திரும்புதல்: நாற்காலியிலிருந்து எழுந்து, 10 அடி நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை விநாடி என்று செல்போனில் பாருங்கள். வழக்கமாகப் பிடிக்கும் தடியைப் பிடிக்கலாம். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து உண்டு.

கவனிக்க:

- முதலில் நீங்கள் செய்து காட்டுங்கள்.
- ஒரு நேரத்தில் ஒரே வார்த்தை: "எந்திரிங்க." பிறகு "நடங்க."
- தெரிந்த முகம் சொல்லட்டும். அவசரப்படுத்த வேண்டாம்.
- ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். தலைசுற்றல், நெஞ்சுவலி, அதிக மூட்டுவலி இருந்தால் அளக்கவே கூடாது.
- மாதம் ஒரு தடவை, அதே நாற்காலி, அதே காலை நேரம்.

பக்கத்து வீட்டுக்காரரோடு ஒப்பிடாதீர்கள். போன மாதம் அவரே செய்ததோடு ஒப்பிடுங்கள். எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தால், அந்த நோட்டோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருவதும் சேர்க்கப்பட்டது. உங்கள் ஊருக்கு யார் வருவார்கள் என்று கேளுங்கள். திடீரென ஒரு பக்கக் கை கால் விழுந்தால் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அந்த மாமியார் முதல் மாதம் கை ஊன்றி 4 தடவை எழுந்தார். மூன்றாம் மாதம் 6. இப்போது காலையும் மாலையும் பேத்தியின் கையைப் பிடித்துத் திண்ணை வரை வருகிறார். பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள குழுப் பெண்கள் இரண்டு பேர் முறை வைத்திருக்கிறார்கள்.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்:

1. நம் குழுவில் யார் வீட்டில் மறதி நோய் வந்தவர்கள் இருக்கிறார்கள்?
2. நாம் வேலைக்குப் போன பிறகு அவர்களுக்குத் துணை யார்?
3. "முடியாது" என்று நாமே முடிவுகட்டி யாரையாவது உட்கார வைத்திருக்கிறோமா?