முதலில் காலண்டர், பிறகு கணினி

பள்ளிக்குப் புதிதாக ஒரு சாதனம் வருகிறது என்றால் ஆசிரியர் அறையில் முதலில் எழும் பேச்சு, அது என்ன கம்பெனி, எத்தனை இன்ச், எந்த அறையில் மாட்டுவது என்பதுதான். சிவகாசி வட்டாரத்தில், வெம்பக்கோட்டைப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் நடத்துகிற நான் முதலில் கேட்பது வேறு. அது எந்தக் கிழமை, எந்தப் பீரியடில், யார் கையில் ஓடப்போகிறது? இதற்குப் பதில் இல்லாமல் வந்து இறங்கும் பெட்டி பூட்டிய அறைக்குள்தான் கிடக்கும். அந்தப் பதிலைக் கண்டுபிடிக்க, ஊரின் பொழுது எப்படிப் போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். பட்டாசு ஊர்களில் இது மிகவும் முக்கியம்.

எங்கள் பிள்ளைகளின் அம்மா, அப்பா பலரும் காலையில் கம்பெனி வேன் ஏறிப் பட்டாசு ஆபீஸுக்கு, அதாவது தொழிற்சாலைக்கு, போகிறவர்கள். தீப்பெட்டி, பீடி, செல்போன் மூன்றும் கேட்டோடு சரி, உள்ளே போகக் கூடாது. பகல் பதினொரு மணிக்குப் பள்ளி வாட்ஸாப் குழுவில் போடும் செய்தியை அவர்கள் பார்ப்பது பொழுது சாய்ந்து வீடு திரும்பிய பிறகுதான். “ராத்திரி ஏழு மணிக்கு மேல அனுப்புங்க சார், பகல்ல பார்க்க வழியில்ல” என்று பெற்றோர் கூட்டத்தில் ஓர் அம்மா சொன்னார். அன்றிலிருந்து எங்கள் வழக்கம் அதுதான். நாளுக்கு ஒரே செய்தி, ஏழு மணிக்கு மேல். அதுவும் குரல் பதிவாக. எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படும் தாய்மார் இருக்கிறார்கள், வேலை முடித்து வந்த அலுப்பும் இருக்கிறது. குரலென்றால் சமையல் பார்த்துக்கொண்டே கேட்டுவிடுவார்கள்.

செல்போன் வழியாக வீட்டுப்பாடம் கொடுப்பதை நான் ஏற்பதில்லை. கொரோனா காலத்தில் போன் பெற்றோர் பையில் இருந்தது, பிள்ளை வீட்டில் இருந்தது. அப்போது கைகொடுத்தது தொலைக்காட்சிதான். 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்துக்குப் பிறகு எங்கள் ஊரில் பெட்டி இல்லாத வீடு அரிது. 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி அதில் வந்தது. 2021இல் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்கள். இருக்கும் பொருளையும் கிடைக்கும் நேரத்தையும் பார்த்துச் செய்தது ஓடியது. வீட்டுக்கொரு ஸ்மார்ட்போன் இருக்கும் என்று எண்ணிப் போட்ட திட்டமெல்லாம் தரை தட்டியது.

அடுத்தது மின்சாரம். மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்தடை காலை ஒன்பது மணி வாக்கில் தொடங்கி மாலைவரை நீள்கிறது. பள்ளி நடப்பதும் அதே நேரம்தான். ஆகவே எங்கள் கணினி ஆய்வக அறைச் சுவரில் மாதக் காலண்டர் ஒன்று தொங்குகிறது. சிவகாசிக்காரர்களுக்குக் காலண்டருக்கா பஞ்சம்! மின்தடை அறிவிப்பு வந்ததும் அந்தத் தேதியைச் சிவப்பு மையால் சுழித்துவிடுவோம். அன்றைக்குக் கணினிப் பீரியடை மாற்றிக்கொள்வோம். காலாண்டுத் தேர்வு, அரையாண்டுத் தேர்வு, ஊர்ப் பொங்கல் எல்லாம் அதில் ஏறும். இவ்வளவும் கழித்துப் பார்த்தால் ஒரு வகுப்புக்கு ஓர் ஆண்டில் உண்மையாகவே எத்தனை கணினிப் பீரியடு மிஞ்சும் என்று தெரிந்துவிடும். நினைத்ததைவிட மிகக் குறைவாகத்தான் இருக்கும். திட்டத்தை அந்தக் குறைந்த எண்ணிக்கைக்குத்தான் போட வேண்டும்.

சின்ன விஷயம் ஒன்று, ஆனால் கருவிகளின் ஆயுளே அதில் இருக்கிறது. எங்களது கரிசல் பூமி. சித்திரை, வைகாசியில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். மண் காய்ந்தால் எர்த் சரியாகப் பிடிக்காது. எர்த் குழியில் உப்பும் கரியும் போட்டிருந்தாலும் ஈரம் இல்லாவிட்டால் பயனில்லை. கோடையில் வாரம் ஒருமுறை அந்தக் குழிக்கு ஒரு வாளித் தண்ணீர் ஊற்ற ஆள் வைத்திருக்கிறோம். யூ.பி.எஸ். பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் பார்ப்பதும் அவர் வேலை. ஐப்பசியில் இடி மழை தொடங்கிவிட்டால், பள்ளி விடும்போது பிளக்கைச் சுவரிலிருந்தே பிடுங்கிவிட வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

தமிழகத்தில் உயர்நிலைப் பள்ளி ஆய்வகம் என்றால் பெரும்பாலும் பத்துக் கணினி. வகுப்பில் முப்பது பிள்ளைகள் இருந்தால் ஒரு திரைக்கு மூவர். அப்படியே விட்டால் ஆரம்பத்தில் மௌஸைப் பிடித்தவன் மணி அடிக்கும்வரை விடமாட்டான். பெண் பிள்ளைகள் பின்னால் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். அதனால் மூவருக்கும் வேலையைப் பிரித்தோம். ஒருவர் மௌஸ், ஒருவர் கேள்வியை வாய்விட்டு வாசிப்பவர், ஒருவர் நோட்டில் விடை எழுதுபவர். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மேசையைத் தட்டினால் இடம் மாற வேண்டும். முதல் சில வாரம் கூச்சலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நோட்டில் எழுதும் பிள்ளைதான் அதிகம் கற்கிறது என்பது என் கணிப்பு.

எந்த வகுப்பில் தொடங்குவது? ஆறு, ஏழு, எட்டு. இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். விருதுநகர் மாவட்டத்துக்குத் தேர்ச்சி விகிதத்தில் மாநில முதலிடம் பலமுறை கிடைத்த பெருமை உண்டு. அந்தப் பெருமையின் பாரம் முழுக்கப் பத்தாம் வகுப்பின் தலையில் விழுகிறது. தை பிறந்தால் போதும், திருப்புதல் தேர்வு வந்து ஆய்வகப் பீரியடை விழுங்கிவிடும். பத்தாம் வகுப்பை நம்பிப் போட்ட தொழில்நுட்பத் திட்டம் எதுவும் மாசி வரை தாங்கி நான் பார்க்கவில்லை. கீழ் வகுப்பில் பழகிய பிள்ளை பத்தாம் வகுப்புக்கு வரும்போது கணினி அதற்குப் புதுமையாக இருக்காது. தேவைப்படும்போது தானாக எடுத்துக்கொள்ளும்.

வீடியோ பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் நேரம் மிக அதிகமாக வீணாகிறது. 2018இல் புதிய பாடநூல்களில் கியூ.ஆர். கோடு அச்சாகி வந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் பீரியடு நடுவே ஸ்கேன் செய்து, சிக்னலுக்குக் காத்திருந்து, சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்தை முப்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பது பாடம் ஆகாது. முந்தின நாள் இரவே இறக்கிப் பென் டிரைவில் போட்டுவிடுவேன். பிறகு பார்த்து, எந்த மூன்று நிமிடம் வேண்டும் என்று குறித்துக்கொள்வேன். வகுப்பில் ஒலியை நிறுத்திவிட்டுத்தான் போடுவேன்.

உலோக உப்புகள் தீயில் என்ன நிறம் காட்டும் என்ற வீடியோ அப்படி ஓடியது. சோடியம் மஞ்சள், ஸ்ட்ரான்சியம் சிவப்பு. பச்சைச் சுடர் வந்ததும் நிறுத்திவிட்டு, இது எந்த உப்பாக இருக்கும் என்றேன். பின் வரிசையிலிருந்து, வழக்கமாக வாயே திறக்காத ஒரு பையன், “பச்சை உப்பு சார்” என்றான். பேரியம் நைட்ரேட்டுக்குச் சிவகாசியில் அதுதான் பெயர். அப்புறம் வீடியோவுக்கு வேலையே இல்லாமல் போனது. நீல நிறம் கொண்டுவருவது ஏன் கஷ்டம் என்று அவன் அப்பா சொன்னதை அவன் சொன்னான். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியத்தையும் சரவெடியையும் தடை செய்ததால் தன் வீட்டில் வேலை குறைந்ததை ஒரு பெண் சொன்னாள். பேரியம் உடம்புக்குள் போனால் என்ன ஆகும் என்று இன்னொருத்தி கேட்டாள். மறுநாள் ஒரு பையன் பசுமைப் பட்டாசு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து அதிலிருந்த கியூ.ஆர். கோட்டைக் காட்டினான். புத்தகத்தில் இருப்பதும் பெட்டியில் இருப்பதும் எப்படி வேறுபடுகின்றன என்று அடுத்த வகுப்பு அதிலேயே போனது. அந்த ஒலியோடு முழு வீடியோவையும் ஓட்டியிருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது.

கருவி கொடுப்பது வேறு, கற்பது வேறு என்பதற்கு வெளியூர் அனுபவமும் இருக்கிறது. பெரு நாட்டில் கிராமத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மடிக்கணினி கொடுத்தார்கள். ஓராண்டுக்கு மேல் கழித்து ஆய்வு செய்தபோது கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் தென்படவில்லை. டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளை வைத்துப் பள்ளி விட்டபின் மையங்களில் நடத்திய சோதனையில் நல்ல பலன் கிடைத்தது. அங்கே எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு நான்காம் வகுப்புக் கணக்குதான் தெரியும் என்றால் மென்பொருள் அங்கிருந்தே தொடங்கியது. நம் மாநிலத்தில் 2011 முதல் மேல்நிலை மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுத்தோம், பின்னர் தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகள் என்று அரசு அறிவித்தது. இவை வீண் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். ஏழைப் பிள்ளைக்கு இவற்றை அரசு தராவிட்டால் வேறு யார் தருவார்? வந்ததை எந்தப் பிள்ளைக்கு எந்த இடத்தில் பயன்படுத்துவது என்பது நம் கையில் இருக்கிறது.

எங்கள் எட்டாம் வகுப்பில் நான் முதலிடம் கொடுப்பது தமிழ்த் தட்டச்சுக்கு, அதுவும் தமிழ்99 விசைப்பலகையில். காரணம் ஊர்தான். சிவகாசி அச்சகங்களில் டி.டி.பி. தெரிந்தவருக்கு எப்போதும் வேலை உண்டு, அந்த வேலை வெடிக்காது. பிள்ளைகள் மாதம் ஒரு சுவர்ப் பத்திரிகை அடிக்கிறார்கள். அச்சகத்தில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்து பிழை திருத்தவும் பக்கம் அமைக்கவும் சொல்லிக்கொடுக்கிறார். ஒற்றுப்பிழைக்காக நான் வருடக்கணக்கில் திட்டியும் திருந்தாத பிள்ளைகள், தங்கள் பெயரோடு அச்சில் வரும் என்றதும் அகராதி தேடுகிறார்கள்.

பணம் பற்றிப் பெரிய கவலை வேண்டாம், ஆனால் எதற்குக் கேட்பது என்பதில் தெளிவு வேண்டும். புரொஜெக்டர் வாங்கித் தரக் கொடையாளர் கிடைப்பார். அதன் விளக்கு மாற்றவோ, பேட்டரி வாங்கவோ, இணையக் கட்டணம் கட்டவோ யாரும் முன்வரமாட்டார்கள். விருதுநகரில் காமராஜர் படித்த க்ஷத்திரிய வித்யாசாலா வீட்டுக்கு வீடு எடுத்துவைத்த பிடி அரிசியால் வளர்ந்த பள்ளி. தினமும் கொஞ்சம், எல்லாரும் என்பதுதான் அதன் பலம். பள்ளி மேலாண்மைக் குழுவில் நாங்கள் அதையே கேட்டோம்: பொருள் வேண்டாம், மாதாமாதம் சிறு தொகை கொடுங்கள். பழைய மாணவர்கள் சிலர் தருகிறார்கள். கூட்டத்தைத் தீபாவளி கழிந்து ஆபீஸ்கள் திறக்காமல் இருக்கும் நாட்களில் வையுங்கள். பெற்றோர் வேறு எப்போதும் பகலில் வர முடியாது. ஆய்வகத்தைத் திறந்து, பிள்ளைகளையே கணினி முன் உட்காரவைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

கடைசியாக, பொது மாறுதல் கலந்தாய்வு. பல பள்ளிகளில் கணினி தெரிந்தவர் ஒருவர்தான் இருப்பார். அவருக்கு மாறுதல் கிடைத்ததும் ஆய்வகம் ஊமையாகிவிடும். எனவே எந்த வேலைக்கும் இருவர். பழகாத மூத்த ஆசிரியர்களை எல்லார் முன்னும் திரைக்கு அழைக்காதீர்கள். பள்ளி விட்ட பிறகு அரைமணி நேரம் தனியே உட்கார்ந்து பழகட்டும், பிள்ளைகள் அப்போது பக்கத்தில் இருக்கக் கூடாது. ஆய்வகத்துக்கென ஒரு நீள நோட்டு போடுங்கள். எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு, சர்வரை எந்த வரிசையில் அணைப்பது, பழுது என்றால் யாரைக் கூப்பிடுவது, பேட்டரி எந்தத் தேதியில் வாங்கியது, எந்தப் பாடத்துக்கு எந்த வீடியோவில் எத்தனையாவது நிமிடம் என எல்லாம் அதில் இருக்கட்டும். கடவுச்சொற்களை மட்டும் அதில் எழுதாமல், தனித்தாளில் எழுதி உறையில் இட்டு ஒட்டித் தலைமையாசிரியர் பீரோவில் வையுங்கள். மாற்றும்போதெல்லாம் புது உறை.