சிறுநீரிற் குருதியும் மருந்துகளும்

சிறுநீர் செந்நிறமாய்க் கழியக் கண்டோர் அஞ்சுதல் இயல்பே. ஆயினும் செந்நிறமெல்லாம் குருதியன்று. என்புருக்கி நோய்க்குத் தரப்பெறும் ரிஃபாம்பிசின் என்னும் மருந்து தன் நிறத்தாலேயே சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும். அதுகண்டு வெருண்டு மருந்தை இடையில் நிறுத்துவோர் நோயை மீட்டும் வளர்ப்போராவர். உருப்பெருக்கிக் கண்ணாடியிற் செவ்வணுக்கள் காணப்படின் அதுவே குருதிக் கசிவாம்.

மெய்யாகவே குருதியைக் கசிவிக்கும் மருந்துகளுள் யாம் ஈண்டு விரித்துக் கூற விழைவது சைக்ளோஃபாஸ்ஃபமைடு. புற்றுநோய்க்கு அளிக்கப்பெறும் இஃது ஈரலிற் சிதைவுறுங்கால் அக்ரோலீன் எனும் நச்சுப்பொருள் பிறக்கின்றது. அந்நஞ்சு சிறுநீரோடு இறங்கி, நீர்ப்பையின் உட்புறச் சவ்வைப் புண்ணாக்கும். அங்குத் தங்கும் பொழுது நீள நீளத் தீங்கும் மிகும். ஆதலின் மருத்துவர் நீர் மிகப் பருகுவித்து, அடிக்கடி சிறுநீர் கழிக்கச் செய்வர். பேரளவிற் கொடுக்குங்கால் மெஸ்னா என்னும் துணைமருந்தும் சேர்ப்பர். அது சிறுநீரிலேயே அக்ரோலீனைப் பிணித்துத் தீங்கற்றதாக்கும். நஞ்சு செல்லும் வழியே மாற்றும் செல்லுமாறு அமைத்த இவ்வேற்பாடு எமக்குப் பெருவியப்புத் தருவது.

வார்ஃபரினோ வேறு வகையது. 1948 இல் எலிக்கொல்லியாய் விற்பனைக்கு வந்து, 1954 இல் அமெரிக்க ஐக்கிய நாட்டில் மக்கட்குரிய மருந்தாக ஏற்கப்பெற்ற இது, குருதி உறையுந் தன்மையைக் குறைப்பது. இதனை உண்போருட் சிலர் சிறுநீரிற் குருதி கண்டும், 'மருந்தின் வேலை' என்று வாளாவிருப்பர். சிலர் மருத்துவரைக் கேளாதே மருந்தை விடுவர். இரண்டும் இடர் தருவன. மறைந்திருந்த கல்லோ கட்டியோ அக்குருதிக்கு மூலமாதலும் உண்டு. ஆகவே மருந்தின்மேற் பழிபோட்டு அமையாது, சிறுநீரகத்தையும் நீர்ப்பையையும் ஆராய்ந்து பார்ப்பதே மருத்துவர் முறை.