மோட்டார் வண்டிச் சுக்கானும் அது உண்ணும் வலுவும்

நின்றுகொண்டிருக்கும் பாரமான மோட்டார் வண்டியொன்றின் சுக்கானைத் திருப்ப முயன்றோர் அதன் கடினத்தை நன்கறிவர். ஓடும் வண்டியில் உருண்டு திரும்பும் ரயர், நிற்கும் வண்டியில் தரையோடு அரைபட்டே திரும்பவேண்டியிருக்கின்றது. இவ்விடர்ப்பாட்டை நீக்குமாறு எண்ணெயின் அமுக்கத்தால் உதவும் சுக்கானை அமைத்து, 1926ஆம் ஆண்டில் ஓட்டிக் காட்டியவர் அமெரிக்கப் பொறியியலாளர் பிரான்சிஸ் டேவிஸ் என்பார். எனினும் 1951இல் கிறைஸ்லர் இம்பீரியல் வெளிவந்த பின்னரே அது விற்பனைக் கார்களில் இடம்பெற்றது. வரலாறு அவ்வளவில் நிற்க, அச்சுக்கான் உண்ணும் சத்தியின் கணக்கையே ஈண்டு எடுத்துக்கொண்டோம்.

இயந்திரத்தோடு பட்டியாற் பிணைக்கப்பட்ட பம்பியொன்று, இயந்திரம் ஓடும் நேரமெல்லாம் எண்ணெயைச் சுற்றச் செய்கின்றது. சுக்கான் தண்டின் இடையே மெல்லிய முறுக்கற் கோலொன்று உண்டு. சாரதி திருப்ப, அக்கோல் சிறிது முறுகி, வால்வின் துவாரங்களுட் சிலவற்றை ஒடுக்கிச் சிலவற்றை விரிக்கும். பௌதிகவியல் ஆய்கூடத்தில் உவீற்சன் பாலத்தைக் கையாண்ட மாணவர்க்கு இவ்வமைப்புப் புதிதன்று. நான்கு தடைகளின் இடத்தில் நான்கு துவாரங்கள். கல்வனோமானியின் இடத்தில் உருளையினுள் அசையும் ஆடுதண்டு. துவாரங்கள் சமமாயின் ஆடுதண்டின் இருபுறமும் அமுக்கம் சமம். சமன் குலைந்தால் அது ஒரு பக்கம் தள்ளப்படும். வேறுபாடு ஒன்றுண்டு. மின்னோட்டம் அழுத்த வேறுபாட்டிற்கு நேர்விகிதமானது; துவாரத்தினூடாகப் பாயும் எண்ணெயோ அமுக்க வேறுபாட்டின் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதமானது. ஆகவே இதன் சமன்பாடுகளைக் கணினியிற் படிப்படியாகவே தீர்க்கின்றனர்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். பம்பி ஒரு சுற்றுக்கு 10 கன சதமமீற்றர் எண்ணெய் தள்ளுவதாகவும், இயந்திரத்தின் வேகத்திலேயே சுழல்வதாகவும் கொள்வோம். வண்டியை நிறுத்துமிடத்தில் இயந்திரம் நிமிடத்திற்கு 800 சுற்றுச் சுழல, 8 இலீற்றர் பாயும். அப்போது வேண்டிய அமுக்கம் 90 வளிமண்டலமாயின், வலு ஏறக்குறைய 1.2 கிலோவாற்று. பம்பியின் பருமனை நிருணயிப்பது இவ்வேளையே. நெடுஞ்சாலையில் இயந்திரம் 3000 சுற்றுச் சுழலும்போதோ 30 இலீற்றர் தள்ளப்படுகின்றது. வேண்டியது 8 இலீற்றரே. எஞ்சிய 22 இலீற்றரும் வீணே பம்பிக்குத் திரும்புகின்றது. குழாயும் வால்வும் 6 வளிமண்டல அளவே தடுத்தாலும், 300 உவாற்று ஓயாது செலவாகும். ஒரு மணி நேரப் பயணத்தில் வண்டியை நிறுத்தும் வேலை ஒரு நிமிடமாயின், அதற்குச் செலவு 20 உவாற்று-மணி. ஏனைய 59 நிமிடத்திற்கும் 295 உவாற்று-மணி. உதவிக்குச் செலவானதிலும் ஏறக்குறைய பதினைந்து மடங்கு, உதவி வேண்டாத நேரத்திற் செலவாயிற்று! உராய்வை நாம் இதிற் சேர்க்கவுமில்லை.

இவ்விழப்பைத் தவிர்க்க வந்ததே மின்மோட்டாரால் உதவும் சுக்கான். 1988இல் ஜப்பானிய சுசுகி செர்வோ என்னும் சிறிய காரில் அது அமைந்தது. திருப்பும்போதே அது கணிசமான மின்னைப் பெறும். நேரே ஓடும்போது உணரிகளும் கட்டுப்பாட்டுக் கருவியும் மாத்திரமே விழித்திருக்கும். ஆயினும், 12 உவோற்றுப் பற்றரியில் 1.2 கிலோவாற்று வேண்டுமாயின் 100 அம்பியர் ஓடவேண்டும். சிறிய கார்கள் முதலிற் பயன்பெற்றதும், பாரமான லொறிகளில் எண்ணெய் முறை நெடுங்காலம் நிலைத்ததும் இதனாலேயே.

மின்சுக்கானின் கணிதமும் எளிதன்று. முறுக்கற் கோலை வில்லாகவும், மோட்டாரையும் சில்லுகளையும் சடத்துவமுடையனவாகவும் கொண்டு சமன்பாடு எழுதுவர். உதவியின் பெருக்கத்தைக் கூட்டக்கூட்டச் சுக்கான் இலேசாகும். ஓரெல்லையைத் தாண்டினால் சாரதி தொடாமலே அது நடுங்கத் தொடங்கும். அதைத் தணிக்கத் தணிப்பு உறுப்பொன்றைச் சேர்ப்பர்; அது மிகுந்தால் சுக்கான் பிசின்போல் ஒட்டும். வீதியின் நிலையைச் சாரதியின் கைக்கு உணர்த்துவதும் சுக்கானே. உவாற்றை மாத்திரம் எண்ணும் கணக்கில் அவ்வுணர்ச்சிக்கு இடமில்லை என்பது எம் குறை. வண்டியின் வேகம் ஏறஏற உதவியைக் குறைக்கும்படி கட்டுப்பாட்டுக் கருவியை அமைப்பது அக்கையை நினைந்தே.