சூழலுக்குள் ஒரு தொகுப்பி

பாலசமுத்திரத்தில் எங்கள் தெருவில் பொறியியல் படிக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். ஒரு நாள் மாலை மடிக்கணினியோடு வந்து நின்றாள். "தாத்தா, வீட்டில் ஓடுகிறது, காலேஜில் ஓடமாட்டேன் என்கிறது. நாளை மறுநாள் வைவா!"

வீட்டில் உபுண்டு 22.04, கல்லூரியில் 20.04. சி++ நிரலை வீட்டில் தொகுத்து, பென் டிரைவில் கொண்டுபோயிருக்கிறாள். அங்கே 'ஜிலிப்சி 2.34 கிடைக்கவில்லை' என்று பிழைச் செய்தி. "நான் எல்லாவற்றையும் தனிச் சூழலில்தானே வைத்தேன்" என்றாள். அங்கேதான் சிக்கல். பைத்தானின் 'வென்வ்' தனிமைப்படுத்துவது பைத்தான் நூலகங்களை மட்டுமே. கம்பைலர் என்று நாம் சொல்லும் தொகுப்பி, சூழலுக்கு வெளியே இயங்குதளத்தினுடையதாகவே இருந்தது.

ஜிலிப்சி என்பது லினக்ஸில் ஏறக்குறைய எல்லா நிரல்களும் நம்பியிருக்கும் அடிப்படை நூலகம். உபுண்டு 22.04இல் அதன் பதிப்பு 2.35, 20.04இல் 2.31. பழைய சுரங்கப் பாதையின் அளவுக்குக் கட்டிய வேகன் புதிய அகலமான சுரங்கத்திலும் போகும். புதியதன் அளவுக்குக் கட்டியது பழைய சுரங்கத்தின் வாயிலிலேயே இடித்து நிற்கும். இதுவும் அப்படித்தான்.

எனவே தொகுப்பியையும் சூழலுக்குள் வைக்கவேண்டும். 2012இல் வெளிவந்த காண்டா இதற்கு வசதியானது. வீட்டுக் கோப்புறையிலேயே நிறுவலாம். நிர்வாகி கடவுச்சொல் வேண்டாம். (கட்டளைகளை ஒலிக்கும்படி எழுதுகிறேன், ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளவும்.) 'காண்டா கிரியேட்' கட்டளையால் புதுச் சூழல் அமைத்து, அதில் 'ஜிஎக்ஸ்எக்ஸ் அண்டர்ஸ்கோர் லினக்ஸ்-64' என்னும் பொதியைச் சேர்க்கவேண்டும். அத்துடன் 'சிஸ்ரூட் அண்டர்ஸ்கோர் லினக்ஸ்-64' பொதியின் 2.17 பதிப்பையும் கேளுங்கள். அப்போது நிரல் ஜிலிப்சி 2.17ஐ அளவாகக் கொண்டு தொகுக்கப்படும். சுரங்கத்தின் குறைந்த அளவை முன்கூட்டியே பிடித்துக்கொண்டோம்.

இங்கே பலர் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு; நானும் விழுந்தேன். சூழலுக்குள் நுழைந்தபின் வெறும் 'ஜி++' என்று அடித்தால், இயங்குதளத்தின் பழைய தொகுப்பியே வந்து நிற்கக்கூடும். காண்டாவின் தொகுப்பிக்கு நீளமான வேறு பெயர். அந்தப் பெயரை 'சிஎக்ஸ்எக்ஸ்' என்னும் மாறியில் சூழல் வைத்திருக்கிறது. சி மொழிக்கு 'சிசி'. மேக் கோப்பில் 'ஜி++' என்று நேரடியாக எழுதாமல், இந்த மாறியை எழுதுங்கள். எது ஓடுகிறது என்று சந்தேகமென்றால் 'எக்கோ டாலர் சிஎக்ஸ்எக்ஸ்' என்று கேட்டுப் பாருங்கள். சீமேக் பயன்படுத்துவோர் இன்னொன்று கவனிக்கவும்: முதல் முறை கண்ட தொகுப்பியை அது நினைவில் வைத்துக்கொள்ளும். சூழலை மாற்றினால் பழைய பில்டு கோப்புறையை அழித்துவிட்டுத் தொடங்கவேண்டும். இது தெரியாமல் அரை நாள் போனது எனக்கு.

இயங்குதளத்தின் தொகுப்பியையே மாற்றிவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். ஒரு பழைய ஃபோர்ட்ரான் நிரலுக்காக நான் அதைச் செய்தேன். அடுத்த கெர்னல் புதுப்பிப்பில் வைஃபை இயக்கி தொகுக்கப்படாமல் நின்றது. இணையமும் போயிற்று, பழுதுக்கு வழி தேடவும் இணையமில்லை!

2022இல் திருச்சி என்.ஐ.டி.யில் 838 டெராஃபிளாப் திறனுள்ள பரம் பொருள் மீக்கணினி அமைக்கப்பட்டது. பலர் பகிர்ந்துகொள்ளும் அத்தகைய இயந்திரத்தில், ஒருவர் தம் வசதிக்கு அடிப்படைத் தொகுப்பியை மாற்ற விடமாட்டார்கள். தமக்கு வேண்டிய பதிப்பைத் தம் சூழலுக்குள் ஏற்றிக்கொள்வதே வழி. இன்றைய மாணவர் நாளை அங்கேதான் போய் நிற்கப்போகிறார்.

அந்தப் பெண்ணுக்குத் தொகுத்த கோப்பைக் கொடுத்தனுப்பவில்லை. சி++ நிரலுக்குத் துணை நூலகமும் வேண்டும். அது சூழலுக்குள் இருக்கிறது. ஆகவே 'காண்டா என்வ் எக்ஸ்போர்ட்' கட்டளையால் எடுத்த பட்டியலையும், நிரலின் மூலத்தையும் மட்டும் பென் டிரைவில் போட்டோம். மறுநாள் காலை கல்லூரியில் பட்டியலிலிருந்து அதே சூழலை எழுப்பி, அங்கேயே தொகுத்தாள். பதினொரு மணிக்குப் போன் வந்தது: "ஓடுகிறது தாத்தா!"