ஸ்கூபா படகில் பத்தாவது ஆள்



மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு படிக்கிறவனுக்கு ஸ்கூபா டைவிங் பற்றி எழுத என்ன தகுதி என்று கேட்பீர்கள். நியாயம்தான். எனக்கு நீச்சலே சுமார். எங்கள் ஊரில் கிணறுதான் உண்டு. கடலை நான் முதலில் பார்த்ததே பத்தாம் வகுப்பு சுற்றுலாவில். ஆனால் இன்பிளான்ட் டிரெயினிங்குக்குக் கடற்கரை ஊர் ஒன்றில் அவுட்போர்டு எஞ்சின் பழுது பார்க்கும் பட்டறை கிடைத்தது. சுற்றுலா வருகிறவர்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போய்க் காட்டும் ஸ்கூபா படகு ஒன்றின் எஞ்சினும் அங்கேதான் சர்வீஸுக்கு வரும். எஞ்சினை மாட்டிய மறுநாள் கூடவே போய் ஓட்டம் எப்படி இருக்கிறது என்று பார்த்து வா என மேஸ்திரி என்னை அனுப்பினார். அன்று நடந்ததும், அதற்குப்பின் நானாகத் தேடிப் படித்ததும்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கொஞ்சம் கணக்கு. பயந்துவிடாதீர்கள், நாம் படித்த பாயில் விதிதான். டைவர் முதுகில் மாட்டும் அலுமினிய சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 11 லிட்டர். அதில் 200 பார் அழுத்தத்தில் காற்றை அடைக்கிறார்கள். (வெறும் காற்றுதான், பல பேர் நினைப்பதுபோல் ஆக்சிஜன் இல்லை.) ஆக 2200 லிட்டர் காற்று. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடும். 18 மீட்டரில் 2.8 மடங்கு. மேலே நிமிஷத்துக்கு 20 லிட்டர் இழுக்கிறவர் அங்கே 56 லிட்டர் இழுப்பார். கடைசி 50 பாரைத் தொடக்கூடாது என்பது வழக்கம். மீதி 150 பாருக்கு 1650 லிட்டர். 56-ஆல் வகுத்தால் 29 நிமிஷம் சொச்சம். மேலே வரும்போதும் அவசரப்படாமல் வரவேண்டும்; 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிஷம் நின்று வருவது நல்லது. இல்லாவிட்டால் உடம்பில் கரைந்த நைட்ரஜன், சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி குமிழி விடும்.

இந்தக் கணக்கெல்லாம் கீழே போகிறவருக்குத்தான் என்று நினைத்தேன். இல்லை. படகில் இருப்பவருக்கும் இதுதான் கடிகாரம். யார் எத்தனை மணிக்கு இறங்கினார் என்று மேலே ஒருவர் எழுதி வைத்தால்தான் யார் இன்னும் வரவில்லை, எப்போது கவலைப்பட வேண்டும் என்பது தெரியும். நான் போன படகில் நோட்டு இருந்தது. பேனா இல்லை.

அன்று கடலில் இறங்கியவர்கள் பத்துப் பேர்: எட்டு சுற்றுலாக்காரர்கள், இரண்டு பயிற்சியாளர்கள். மேலே படகோட்டி அண்ணன், கைவேலைக்கு வந்த புதுப் பையன், நான். என் சட்டை முழுக்க கிரீஸ் என்பதால், சீட்டில் ஒட்டிவிடும் என்று சொல்லிக் கறுப்பு ரப்பர் மேல்சட்டை ஒன்றைக் கொடுத்துப் போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். விஷயம் அங்கேதான் கெட்டது.

இரண்டாவது முறை இறங்கி ஏறும்போது நீரோட்டம் கொஞ்சம் கூடியிருந்தது. ஒரு அக்காவுக்கு வாந்தி; பயிற்சியாளர் ஒருவர் அவரைப் பிடித்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் குனிந்து காலில் மாட்டிய துடுப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். பையன் விரலை நீட்டி நீட்டி எண்ணினான். "பத்து! போலாம்ணே." நங்கூரம் மேலே வந்துவிட்டது. எஞ்சின் ஸ்டார்ட் ஆனது. சத்தம் சரியாக இருக்கிறதா என்று கேட்கத்தான் நான் வந்தது; பின்பக்கம் திரும்பினேன். எஞ்சின் பக்கத்தில் சிலிண்டர் நிறுத்தும் ரேக். பத்துக் குழியில் ஒன்பது சிலிண்டர்தான் இருந்தது.

நண்பர்களே, இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. நான் உடனே வாயைத் திறக்கவில்லை. எல்லோரும் இங்கிலீஷில் பேசுகிறவர்கள், சான்றிதழ் வாங்கியவர்கள். ஒரு சிலிண்டரை வேறு எங்காவது வைத்திருப்பார்கள், டிரெயினிங் பையன் உளறினான் என்று சிரிப்பார்களே என்று இருந்தது. வைவாவில் பதில் தெரிந்தும் உட்கார்ந்திருப்போமே, அதே மாதிரி. படகு திரும்பத் தொடங்கிய பிறகுதான் எனக்கே உறைத்தது: அந்தப் பத்தாவது ஆள் நான்தான். "அண்ணே, நான் டைவர் இல்லீங்க. என்னையும் சேத்து எண்ணிட்டாங்க" என்று கத்தினேன்.

படகோட்டி அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. எஞ்சினை அணைத்தார். எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு முன்பக்கம் ஏறி நின்று விசில் ஊதினார். திரும்ப ஒரு விசில் கேட்டது. நூற்றைம்பது மீட்டர் தள்ளி ஒரு தலை. தேங்காய் மிதக்கிற மாதிரிதான் தெரிந்தது. அவர் மீனைப் பார்த்துக்கொண்டே ஜோடியை விட்டு விலகிப்போய் வேறு பக்கம் மேலே வந்திருக்கிறார். ஜோடிக்காரர், அவர் முன்னாலேயே ஏறிவிட்டார் என்று நினைத்திருக்கிறார். படகில் ஏற்றியதும் அந்த மனிதர் சொன்னார்: "எனக்காகத்தான் வெயிட் பண்றீங்கன்னு நினைச்சேன்."

ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். அரை நாட் நீரோட்டம் என்றால் மணிக்கு 0.93 கிலோமீட்டர், நிமிஷத்துக்குச் சுமார் 15 மீட்டர். கரைக்குப் போய், சாமானை இறக்கி, ஆள் குறைகிறது என்று தெரிந்து திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆகும். அதற்குள் அவர் ஏறக்குறைய 1.4 கிலோமீட்டர் போயிருப்பார். எந்தத் திசையில் என்று யாருக்குத் தெரியும்?

இது நம் ஊர் அஜாக்கிரதை என்று நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் 1998 ஜனவரி 25 அன்று இதே தவறு கடைசிவரை நடந்தது. போர்ட் டக்ளஸிலிருந்து 26 பயணிகளோடு போன படகு, அமெரிக்கக் கணவன் மனைவி இருவரைக் கடலிலேயே விட்டுவிட்டுக் கரை திரும்பியது. எண்ணிக்கையில் பிழை. இரண்டு நாள் கழித்து, படகில் கிடந்த அவர்களுடைய பையைத் திறந்து பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. விமானமும் கப்பலும் தேடின. அவர்கள் கிடைக்கவே இல்லை. அதன்பின் அந்த மாநிலத்தில் ஆளை எண்ணுவது, எழுதுவது பற்றிய விதிகளை இறுக்கினார்கள். ஒழுங்கான படகுகளில் தலையை மட்டும் எண்ணுவதில்லை. பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அந்த ஆளே வாய் திறந்து பதில் சொல்ல வேண்டும், அவருக்காக ஜோடிக்காரர் சொல்லக்கூடாது. நம் கிளாஸில் பிராக்ஸி கொடுக்கிற வேலையெல்லாம் அங்கே ஆகாது.

மற்ற விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆள் தண்ணீருக்குள் இருக்கும்போது நீலமும் வெள்ளையுமான கொடியோ, சிவப்பில் வெள்ளைக் குறுக்குப்பட்டை போட்ட கொடியோ கட்ட வேண்டும். மற்ற படகுகள் ஒதுங்கிப் போக. ஏணிப் பக்கம் ஆள் வரும்போது எஞ்சினை நியூட்ரலில் போட்டால் போதும் என்பார்கள். போதாது, அணைத்துவிட வேண்டும் என்பது எங்கள் மேஸ்திரி கட்சி. கியர் கேபிள் தேய்ந்திருந்தால் நியூட்ரல் என்று காட்டும், புரொப்பல்லர் மெல்லச் சுற்றிக்கொண்டிருக்கும். பட்டறையில் நானே பார்த்திருக்கிறேன். சிலிண்டரைக் கட்டாமல் நிறுத்தக்கூடாது. 14 கிலோ எடை காலில் விழுந்தால் ஒரு கேடு, வால்வில் விழுந்தால் வேறு கேடு. முதலுதவிக்குத் தனியாக வைத்திருக்கும் சுத்த ஆக்சிஜன் சிலிண்டரை எண்ணெய்க் கையோடு தொடவே கூடாது. ஏன் என்று நமக்கு வெல்டிங் ஷாப்பில் சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் நான் படித்ததிலேயே என்னைத் தூங்கவிடாமல் செய்தது தண்ணீருக்குள் நடந்தது அல்ல. அமெரிக்காவில் கலிஃபோர்னியா கடலில், சாண்டா குரூஸ் தீவு ஓரம், 2019 செப்டம்பர் 2 அதிகாலையில் 'கன்செப்ஷன்' என்ற டைவிங் படகு நங்கூரம் போட்டு நின்றது. 75 அடி நீளம், மர உடம்பு, 1981-இல் கட்டியது. பயணிகள் 33 பேரும் பணியாளர் ஒருவரும் அடித்தளத்தில் அடுக்குப் படுக்கைகளில் தூங்கினார்கள். கேப்டனும் மற்ற நான்கு பணியாளர்களும் மேல்தட்டில் தூங்கினார்கள். நடுத்தட்டுக் கூடத்தில் தீ. மேலே இருந்த ஐந்து பேர் பிழைத்தார்கள். கீழே இருந்த 34 பேரும் இறந்துபோனார்கள்.

அந்தப் படுக்கையறைக்கு வழி ஒன்றல்ல, இரண்டு. முன்பக்கம் படிக்கட்டு, பின்பக்கம் மேலே ஏறித் தப்பிக்க ஒரு சிறு திறப்பு. வரைபடத்தில் பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு வழியும் போய்த் திறந்தது ஒரே கூடத்தில். எரிந்துகொண்டிருந்த அதே கூடத்தில். புகை கண்டுபிடிக்கும் கருவி படுக்கையறையில் இருந்தது, கூடத்தில் இல்லை. ஆக, புகை கீழே இறங்கி வந்த பிறகுதான் மணி அடிக்க முடியும். டிராயிங் ஹாலில் 'இரண்டு வழி' என்று போட்டு மார்க் வாங்கிவிடலாம் நண்பர்களே. அந்த வழி எங்கே போய்த் திறக்கிறது என்று நம்மை யாரும் கேட்பதில்லை.

தீ எதனால் என்பது கடைசிவரை உறுதியாகவில்லை. கூடத்தில் பயணிகளின் போன், கேமரா பேட்டரிகள் சார்ஜில் இருந்தன. அதுவும் காரணமாக இருந்திருக்கலாம் என்றார்கள், மின் இணைப்பு, சிகரெட் துண்டு என்றும் சொன்னார்கள். (நம் விடுதியில் தலையணைக்கடியில் போனை வைத்து சார்ஜ் போடுகிறவர்கள் யார் யார் என்று நான் பேர் எழுதப் போவதில்லை.) ஆனால் 2020-இல் விசாரணை வாரியம் முக்கியக் காரணமாகச் சொன்னது வேறு: ராத்திரி சுற்றிவந்து பார்க்கும் காவல் ஆள் இல்லை, அதைக் கட்டாயமாக்கிக் கம்பெனி கவனிக்கவும் இல்லை. காவல் ஆள் இருக்க வேண்டும் என்று படகின் சான்றிதழிலேயே எழுதியிருந்தது. அன்று பணியாளர் ஆறு பேரும் தூங்கிவிட்டார்கள். 2023 நவம்பரில் கேப்டனைக் குற்றவாளி என்றார்கள்; 2024 மே மாதம் 4 வருஷம் சிறைத் தண்டனை. இடையில் 2021 டிசம்பரில் கடலோரக் காவல்படை தீ அறிவிப்புக் கருவி, தப்பிக்கும் வழி, இரவுக் காவல் பற்றிப் புது விதிகள் போட்டது.

இதையெல்லாம் ஊருக்குப் போனபோது அப்பாவிடம் சொன்னேன். அப்பா நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறார். எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான். அமெரிக்கா கதையைக் கேட்டு, "பாவம், புள்ளகுட்டிக்காரங்க" என்றார். எண்ணிக்கைக் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டார். "ஏன்டா, ஆள் குந்தியிருக்கிறத எண்ணினா எப்பிடிக் கணக்கு நிக்கும்? எங்களுக்கு ஒரு மூட்ட இறக்குனா ஒரு குச்சி கைல குடுப்பாங்க. சாயங்காலம் குச்சிய எண்ணு. வாய் தப்பும், குச்சி தப்பாது."

திரும்பிப் போனதும் மேஸ்திரியிடம் கேட்டுப் பட்டறையில் கிடந்த பிளைவுட் துண்டில் பலகை ஒன்று செய்தேன். அலுமினியத் தகட்டில் வட்ட வில்லைகள் வெட்டி, நம்பர் பஞ்சால் 1 முதல் 12 வரை அடித்தேன். முதலில் பித்தளைக் கொக்கி போட்டு மேஸ்திரியிடம் திட்டு வாங்கினேன்: உப்புத்தண்ணீரில் பித்தளையும் அலுமினியமும் தொட்டுக்கொண்டால் அலுமினியம் அரித்துப்போகும். பிளாஸ்டிக் கொக்கியாக மாற்றினேன். இறங்குகிறவர் தன் வில்லையைத் தானே எடுத்து மாட்டிக்கொண்டு போகிறார், ஏறியதும் தானே திரும்பக் கொக்கியில் மாட்டுகிறார். கொக்கி ஒன்று காலியாக இருந்தால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது. பையன் இப்போது விரல் நீட்டுவதில்லை.

டிரெயினிங் முடிகிற அன்று படகோட்டி அண்ணன் இன்னொரு வில்லை கேட்டார். பதிமூன்றா என்றேன். "நம்பர் போடாத தம்பி. மேல இருக்கிற ஆளுக்கு" என்றார். பலகையின் ஓரத்தில் தனியாக ஓர் ஆணி அடித்து மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.