உப்பும் சர்க்கரையும்

1971ஆம் ஆண்டு, ஜூன் மாதம். மேற்கு வங்காளத்தில் பங்காவ் என்று ஓர் ஊர். எல்லையோர ஊர். எல்லைக்கு அப்பால் அன்று கிழக்குப் பாகிஸ்தான். இன்று அது வங்கதேசம்.

அங்கே போர் மூண்டது. மக்கள் உயிருக்குப் பயந்து ஓடி வந்தார்கள். அந்த ஆண்டில் ஏறக்குறைய 1 கோடிப் பேர் இந்தியாவுக்குள் வந்தார்கள். வந்தவர்கள் முகாம்களில் தங்கினார்கள். மழை பிடித்துக்கொண்டது. குடிக்க நல்ல தண்ணீர் இல்லை. காலரா பரவியது.

பங்காவ் மருத்துவமனையில் இரண்டு அறைகள் நிறைய காலரா நோயாளிகள். கட்டில் போதவில்லை. தரையில் கிடந்தார்கள். தரையெங்கும் வாந்தியும் பேதியும். அதிலேயே மண்டியிட்டுத்தான் ஊசி குத்த வேண்டியிருந்தது. அப்படி மண்டியிட்டவர்களில் ஒருவர் டாக்டர் திலீப் மகலனாபிஸ். குழந்தை மருத்துவர். கல்கத்தாவில் ஓர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து உதவிக்கு வந்தவர்.

காலரா வந்தவருக்குப் பேதி கழுநீர் போலப் போகும். வாந்தியும் சேர்ந்துகொள்ளும். சிலருக்கு ஒரே நாளில் 10 லிட்டருக்கும் மேலே தண்ணீர் வெளியேறிவிடும். தண்ணீரோடு உப்பும் போய்விடும். கண் குழி விழும். நாக்கு வறளும். நாடி தளரும். சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். காலராக் கிருமி ஆளை நேராகக் கொல்வதில்லை. உடம்பில் தண்ணீர் வற்றிப்போவதுதான் கொல்கிறது.

வற்றிய தண்ணீரைத் திரும்பக் கொடுத்தால் ஆள் பிழைப்பார். அன்று அதற்கு ஒரே வழி சலைன் பாட்டில். நரம்பில் ஊசி குத்தி ஏற்ற வேண்டும். பங்காவில் சலைன் தீரும் நிலைக்கு வந்தது. இருந்ததை ஏற்றவும் பயிற்சி பெற்ற ஆள் போதவில்லை. அவருடைய குழுவில் இரண்டே பேருக்குத்தான் ஊசி ஏற்றத் தெரியும். வந்த இரண்டு நாளில் அவருக்குப் புரிந்துவிட்டது. இந்த வழியில் போனால் தோல்விதான்.

சரி, தண்ணீரை வாயால் குடிக்கக் கொடுத்தால் என்ன? இது யாருக்கும் தோன்றும் கேள்வி. ஆனால் வெறும் தண்ணீர் அப்படியே பேதியாகப் போய்விடும். உப்புத் தண்ணீரும் அப்படித்தான். பேதி ஆகும்போது குடல் தண்ணீரை வாங்காது என்றே பல மருத்துவர்களும் நம்பினார்கள். நம் வீடுகளிலும் அந்த எண்ணம் உண்டு. குழந்தைக்குப் பேதி என்றால் பாலை நிறுத்துவார்கள். தண்ணீரையும் நிறுத்துவார்கள். குடித்தால் இன்னும் போகுமே என்று பயம். அன்புதான் காரணம். ஆனால் அந்த அன்பே எத்தனையோ குழந்தைகளின் உயிருக்கு உலை வைத்தது.

சிறுகுடலின் சுவரில் ஒரு வாசல் இருக்கிறது. உப்பு மட்டும் வந்தால் அந்த வாசல் திறக்காது. சர்க்கரையும் உப்பும் கைகோத்து வந்தால் திறக்கும். அவை உள்ளே போகும்போது தண்ணீரும் பின்னாலேயே போகும். இதை 1960ஆம் ஆண்டு ராபர்ட் கிரேன் என்ற விஞ்ஞானி எடுத்துச் சொன்னார். காலரா வந்தாலும் இந்த வாசல் கெட்டுப்போவதில்லை. நல்ல காலம்!

ஆனால் ஒருவர் எடுத்துச் சொன்னது போதாது. நோயாளியிடம் பலிக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1968ஆம் ஆண்டு டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரண்டு இளம் மருத்துவர்கள் அதைச் செய்தார்கள். 29 நோயாளிகள். சிலருக்குச் சலைன் மட்டும். மற்றவர்களுக்கு முதலில் சலைன். பிறகு உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார்கள்.

காலராக் கட்டில் என்று ஒன்று உண்டு. நடுவில் துளை இருக்கும். கீழே வாளி இருக்கும். போன பேதியை அளப்பார்கள். போன அளவுக்குக் கரைசலைக் குடிக்கக் கொடுப்பார்கள். இரவும் பகலும் இதே வேலை. இதுவும் ஆராய்ச்சிதான். கண்ணாடிக் குழாய்களோடு மட்டும் ஆராய்ச்சி நடப்பதில்லை, வாளியோடும் நடக்கும். முடிவு என்ன? கரைசல் குடித்தவர்களுக்குச் சலைன் தேவை 100க்கு 80 பங்கு குறைந்தது.

ஆனால் அது ஆராய்ச்சி நிலையம். மருத்துவர் பக்கத்தில் இருந்தார். தாதியர் அளந்து கொடுத்தார்கள். முகாமில் அதற்கு யார் இருக்கிறார்கள்? படிக்காத தாய்மார் கையில் கொடுத்தால் தப்பாகிவிடாதா? பெரிய மருத்துவர்கள் இப்படித்தான் தயங்கினார்கள்.

மகலனாபிஸுக்குத் தயங்க நேரம் இல்லை. கல்கத்தாவில் குளுக்கோஸ், சாப்பாட்டு உப்பு, சமையல் சோடா மூன்றையும் நிறுத்துப் பைகளில் போட்டார்கள். பையின் வாயைச் சூடான இஸ்திரிப் பெட்டியால் ஒட்டினார்கள். 1 லிட்டர் தண்ணீருக்குக் குளுக்கோஸ் 22 கிராம், உப்பு மூன்றரை கிராம், சோடா இரண்டரை கிராம். அவ்வளவுதான் மருந்து.

முகாமில் அதைப் பெரிய டிரம்களில் கரைத்தார்கள். டிரம்மில் குழாய் இருந்தது. நோயாளியின் தாயோ தங்கையோ குவளையோடு வந்து பிடித்துப் போவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து வாய் வாயாகக் குடிக்கக் கொடுப்பார்கள். மருந்து ஏற்றினால்தான் வைத்தியம் என்று நம்பிய மக்கள் அவர்கள். அதனால் இதற்கு 'வாய்வழி சலைன்' என்று பெயர் சொன்னார்கள். மிகவும் மோசமான நிலையில் வந்தவர்களுக்கு மட்டும் முதலில் ஊசி வழியாகச் சலைன் ஏற்றினார்கள். மற்றவர்களுக்குக் குவளைதான்.

முன்பு முகாம்களில் காலரா வந்த 100 பேரில் சுமார் 30 பேர் இறந்தார்கள். வாய்வழி சலைன் வந்த பிறகு அவருடைய பொறுப்பில் 3,000 பேருக்கும் மேல் சிகிச்சை பெற்றார்கள். 100க்கு 4 பேர்கூட இறக்கவில்லை. பிழைக்க வைத்தவர்களில் பெரும்பாலோர் மருத்துவர்கள் அல்ல, தாய்மாரும் உறவினரும்தான்.

உலகம் உடனே நம்பவில்லை. மகலனாபிஸ் எழுதிய கட்டுரை 1973ஆம் ஆண்டுதான் அச்சில் வந்தது. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் டாக்டர் தீமான் பருவா முகாமுக்கே வந்து நேரில் பார்த்திருந்தார். அவர் இதை எல்லா நாடுகளுக்கும் கொண்டு போகப் பாடுபட்டார். 1978ஆம் ஆண்டு அந்த நிறுவனம் வயிற்றுப்போக்கைக் கட்டுப்படுத்த உலக அளவில் திட்டம் தொடங்கியது. மகலனாபிஸ் 2022ஆம் ஆண்டு காலமானார். மறு ஆண்டு பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது. அதை வாங்க அவர் இல்லை.

இன்று கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அந்தப் பையின் பேரன்தான். 2002ஆம் ஆண்டு அதன் அளவை மாற்றினார்கள். உப்பும் சர்க்கரையும் முன்பைவிடக் குறைவு. இதில் வாந்தியும் பேதியும் இன்னும் குறைகின்றன. பொட்டலத்தில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரைப் படித்துப் பார்த்துக் கலக்க வேண்டும். அரைப் பொட்டலம், கால் பொட்டலம் என்று கண் அளவில் போடக் கூடாது.

பொட்டலம் கிடைக்காத நேரம் உண்டு. அப்போது காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் 1 லிட்டர் எடுங்கள். தலை தட்டிய தேக்கரண்டியில் 6 கரண்டி சர்க்கரை போடுங்கள். அதே தேக்கரண்டியில் அரைக் கரண்டி உப்பு போடுங்கள். நன்றாகக் கலக்குங்கள். நாக்கில் வைத்துப் பாருங்கள். கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. சர்க்கரை கூடினால் பேதி கூடும்.

2 வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு ஒவ்வொரு முறை பேதியான பிறகும் கால் டம்ளர் முதல் அரை டம்ளர் வரை கொடுக்கலாம். கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுங்கள். பிறகு மெதுவாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். சோற்றையும் நிறுத்த வேண்டாம். சுகாதார நிலையத்தில் துத்தநாக மாத்திரை கொடுப்பார்கள். பேதி நின்ற பிறகும் அதை 14 நாள் கொடுக்கச் சொல்வார்கள்.

குழந்தை குடிக்க முடியாமல் துவண்டு கிடந்தால் காத்திருக்காதீர்கள். பேதியில் ரத்தம் வந்தாலும், கண் குழி விழுந்தாலும், வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு உடனே மறையாமல் நின்றாலும் அப்படித்தான். உடனே மருத்துவமனைக்குத் தூக்கிப் போங்கள். போகும் வழியிலும் கரண்டியால் கொடுத்துக்கொண்டே போங்கள். காலையில் கலக்கிய கரைசல் மறுநாள் காலைக்கு ஆகாது. மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்.