கன்றுக் கழிச்சல்: தடுப்பூசியா, சீம்பாலா?

பிறந்து ஐந்தாறு நாளான கன்று மஞ்சளாக நீர்த்துக் கழிந்து, கண் குழிவிழுந்து படுத்துவிட்டால் முதலில் ரோட்டா வைரஸைச் சந்தேகிக்க வேண்டும். இதைத் தடுக்க இரண்டு வழிகள் உண்டு: சினையின் பிற்பகுதியில் தாய்க்குத் தடுப்பூசி போடுவது, அல்லது சீம்பாலை முறையாகப் புகட்டுவது. இரண்டில் ஒன்றுக்குத்தான் வசதி என்றால் சீம்பாலைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கான காரணம் வைரஸின் மரபணுவிலேயே இருக்கிறது.

ரோட்டா வைரஸின் மரபணு 11 துண்டுகளால் ஆனது. இரண்டு வகை வைரஸ்கள் ஒரே குடல் செல்லுக்குள் புகுந்தால் துண்டுகள் இடம்மாறிப் புதுக்கலவை பிறக்கும். மேலுறையில் இருக்கும் இரண்டு புரதங்களை வைத்து ஜி, பி என்று வகை பிரிக்கிறார்கள். மாடுகளில் முக்கியமானவை ஜி வகையில் ஜி6, ஜி8, ஜி10, பி வகையில் பி1, பி5, பி11. இந்தக் கலப்பு தொழுவத்தோடு நிற்பதில்லை. நம் குழந்தைகளுக்குச் சொட்டுமருந்தாகக் கொடுக்கும் ரோட்டாவேக், டெல்லியில் பிறந்த குழந்தைகளிடம் கிடைத்த ஒரு வைரஸிலிருந்து உருவானது. அதன் பி11 துண்டு மாட்டு வைரஸின் வழிவந்தது. தடுப்பூசியில் உள்ள வகை தொழுவத்தில் உள்ள வகையோடு பொருந்த வேண்டும். உலகச் சந்தையில் உள்ள மாட்டுத் தடுப்பூசிகளில் ஜி6 மட்டும் உள்ளவையும் உண்டு, ஜி6, ஜி10 இரண்டும் சேர்ந்தவையும் உண்டு. இந்திய மாடுகளில் ஜி10 அடிக்கடி கண்டறியப்பட்டிருப்பதால், வாங்குவதானால் இரண்டாவதையே வாங்க வேண்டும். விலை அதற்குப் பிறகு பார்க்க வேண்டியது.

சீம்பாலுக்கு இந்த வகைக் கணக்குத் தேவையில்லை. தாய் எந்தத் தொழுவத்தில் நின்றதோ, அந்தத் தொழுவத்து வைரஸுக்கு எதிராகத்தான் அதன் உடல் எதிர்ப்பொருளைச் செய்து வைத்திருக்கும். பசுவின் நஞ்சுக்கொடி வழியே அந்த எதிர்ப்பொருள் கன்றுக்குப் போகாது. பால் ஒன்றே வழி. அதனால் ஈன்ற இரண்டு மணி நேரத்துக்குள் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர் சீம்பால் உள்ளே போயாக வேண்டும். நஞ்சுக்கொடி விழும்வரை மடியில் கைவைக்கக் கூடாது என்று காத்திருக்கும் வழக்கம் கன்றுக்குச் செய்யும் பெரிய தீங்கு. 24 மணி நேரத்தில் குடல் எதிர்ப்பொருளை ரத்தத்துக்குள் விடுவதை நிறுத்திவிடும். அதன் பிறகும் குடலுக்குள்ளேயே தங்கி வைரஸைத் தடுக்க, உபரிச் சீம்பாலை உறையவைத்து, இரண்டு வாரம் வரை தினமும் சிறிது பாலில் கலந்து கொடுக்கலாம்.

அப்படியானால் தடுப்பூசி எதற்கு என்று கேட்கலாம். தலையீத்துக் கிடாரிக்கும், சந்தையிலிருந்து சினையோடு வாங்கி வந்த மாட்டுக்கும் உங்கள் தொழுவத்து வைரஸோடு போதிய பழக்கம் இருக்காது, அவற்றுக்குப் போடுங்கள். பல ஈற்றுக் கண்ட பசுவுக்கு ஒரே வகைத் தடுப்பூசி போட்டாலும், அது முன்பு சந்தித்த பிற வகைகளுக்கான எதிர்ப்பும் கூடும் என்பதால், வகைப் பொருத்தம் பார்ப்பது கிடாரிகளுக்குத்தான் மிக முக்கியம். ஆனால் எந்த மாட்டுக்குப் போட்டாலும் அந்த ஊசியின் பலன் சீம்பால் வழியாகவே கன்றைச் சேரும். தொழுவத்தில் இருப்பது எந்த வகை என்று தெரிய வேண்டுமானால், உடனடிச் சோதனைப் பட்டை போதாது. அது ரோட்டா உண்டா இல்லையா என்பதை மட்டும் காட்டும். கழிச்சல் தொடங்கிய அன்றே சாணத்தை எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, பிசிஆர் வசதியுள்ள ஆய்வகத்துக்கு அனுப்பி, ஜி, பி இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.